வாரத்துக்கு எவ்ளோ டாலர்னு மட்டும் கேக்காதீங்க

ஆசிரியர் சார், வணக்கம்.

நான் பெரம்பூர்காரி, லேபர் வார்டு நர்ஸ். அமெரிக்காவுல டிராவல் நர்ஸா வேலை பாக்கறேன், ஒரு காண்ட்ராக்ட் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கறதுக்குள்ள அஞ்சு வாரம் கிடைச்சுது, அம்மாவ பாக்க வந்திருக்கேன். வந்ததுல இருந்து எங்க தெருவுல நர்சிங் படிக்கற பொண்ணுங்களும் அவங்க அம்மாங்களும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் வீட்டுக்கு வந்துட்டே இருக்காங்க, எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், "அக்கா, வாரத்துக்கு எவ்ளோ டாலர் வருது?" அதுல தப்பே இல்ல சார். இங்க 2015ல எம்ஆர்பி (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலமா அரசு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுத்தப்போ தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபா, அந்த காலத்துல வேலைக்கு சேந்த பொண்ணுங்க எத்தனை பேர் ரோட்டுல உக்காந்து போராடினாங்கன்னு உங்க பேப்பர்லயே வந்திருக்கும். அப்படி இருக்கும்போது பொண்ணுங்க டாலர பத்தி கேக்கத்தான் செய்வாங்க. ஆனா அந்த ஒரு கேள்விய மட்டும் கேட்டுட்டு ஏஜென்சியில போய் கையெழுத்து போட்டுடறாங்களேன்னுதான் எனக்கு பயமா இருக்கு, அதனாலதான் இத எழுதறேன்.

மொதல்ல டிராவல் நர்ஸ்னா என்னன்னு நிறைய பேருக்கு தெரியல, ஊர் சுத்தற வேலைன்னு நினைக்கறாங்க. ஒரு ஆஸ்பத்திரியில ஆள் பத்தலன்னா ஏஜென்சி மூலமா பெரும்பாலும் 13 வாரத்துக்கு ஒரு நர்ஸ எடுப்பாங்க, வாரத்துக்கு மூணு நாள், ஒரு ஷிப்ட் 12 மணி நேரம், 13 வாரம் முடிஞ்சா அங்கயே நீட்டிக்கலாம் இல்லன்னா வேற ஊர். சென்னையில இருந்து நேரா இந்த வேலைக்கு போய்ட முடியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அமெரிக்காவுல நர்ஸ் லைசென்ஸுக்கு எழுதற என்கிளெக்ஸ் பரீட்சை பாஸ் பண்ணனும், நமக்காக விசாவுக்கு பேப்பர் போடற ஒரு ஸ்பான்சர் கிடைக்கணும், கிரீன் கார்டு வரணும், அந்த ஸ்பான்சர்கிட்ட பேசின ரெண்டு மூணு வருஷம் வேலை பாத்து முடிக்கணும், அதுக்கப்புறம்தான் சுதந்திரமா காண்ட்ராக்ட் தேடலாம். இந்தியாவுல பொறந்தவங்களுக்கு அந்த கிரீன் கார்டு க்யூ பத்து வருஷத்துக்கு மேல போகும். நான் பேப்பர் போட்டது 2010ல, விசா கைக்கு வந்தது 2021ல. நடுவுல பதினோரு வருஷம். அந்த பதினோரு வருஷமும் வடசென்னையில லேபர் வார்டுலயே கழிஞ்சுது, அப்போ எவ்ளோ அழுதேனோ எனக்குதான் தெரியும், இப்போ அந்த வருஷங்கதான் எனக்கு சோறு போடுது, அது எப்படின்னு பின்னாடி சொல்றேன்.

இப்போ டாலர் கணக்குக்கு வர்றேன். என் போன காண்ட்ராக்ட் மிஸ்ஸூரி மாநிலத்துல ஒரு சின்ன ஊர், வாடகை கம்மி, விலைவாசி கம்மி. வாரத்துக்கு ஏறக்குறைய 2,000 டாலர். என் கூட டெக்சாஸ்ல வேலை பாத்த தோழி அதே சமயத்துல கலிபோர்னியா போனா, அவளுக்கு வாரம் 2,600. கேட்டவங்க எல்லாம் நீ ஏமாந்துட்டன்னு சொன்னாங்க. அவ ஒரு ரூம் வீட்டுக்கு மாசம் 3,200 டாலர் கட்டினா, நான் கட்டில் பாத்திரம் எல்லாம் இருக்கற வீட்டுக்கு 950 டாலர் கட்டினேன். அங்க மாநில வரியும் கூட, பார்க்கிங்குக்கே தனி காசு, தினம் ஒன்றரை மணி நேரம் டிராபிக்ல நிப்பா. ஒரு மாநில லைசென்ஸ வெச்சே பல மாநிலத்துல வேலை பாக்கலாம்னு ஒரு ஒப்பந்தம் இருக்கு, கலிபோர்னியா அதுல சேரலங்கறதால தனியா லைசென்ஸ் அப்ளை பண்ணி மாசக்கணக்குல காத்திருந்தா, அந்த மாசம் சம்பளம் இல்ல. எனக்கு டெக்சாஸ் லைசென்ஸ் பல மாநிலத்துக்கு செல்லும், மிஸ்ஸூரியும் அந்த ஒப்பந்தத்துல இருக்கு, அதனால காண்ட்ராக்ட் வந்ததும் கிளம்பிட்டேன். கடைசியா ரெண்டு பேரும் உக்காந்து கணக்கு போட்டப்போ என் கைல கொஞ்சம் கூடவே நின்னுச்சு.

இங்கயும் இதே கணக்குதானே சார். அண்ணா நகர்ல 20,000 சம்பளம்னு போற பொண்ணு ஹாஸ்டலுக்கும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் பாதிய கொடுத்துட்டு நிக்கறா, ரூமும் சாப்பாடும் தர்ற சின்ன ஊர் நர்சிங் ஹோம்ல 14,000க்கு இருக்கற பொண்ணு வீட்டுக்கு கூட அனுப்பறா. அத கண்ணால பாத்தவங்கதான் நாம எல்லாரும், ஆனா டாலர்னு வந்தா அந்த புத்தி எங்க போகுதுன்னு தெரியல.

அந்த 2,000ம் முழுசா சம்பளம் கிடையாதுங்கறத ஒவ்வொரு பொண்ணுக்கும் சொல்லணும். அதுல மணிக்கு 24 டாலர் மட்டும்தான் வரி பிடிக்கற சம்பளம், மிச்சம் எல்லாம் வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும்னு தர்ற ஸ்டைபெண்ட், அதுக்கு வரி இல்ல. ஆனா வரி இல்லாம இருக்கணும்னா உங்களுக்கு வேற ஊர்ல நிஜமாவே ஒரு நிரந்தர வீடு இருக்கணும், அங்கயும் செலவு பண்ணனும், வேலை பாக்கற ஊர்லயும் செலவு பண்ணனும், ஒரே ஊர்ல ஒரு வருஷத்துக்கு மேல இருக்கற மாதிரி ஆனா அந்த சலுகை போய்டும். ஏஜென்சில இருக்கறவங்க ஒரு பாரத்துல டிக் பண்ணுங்க போதும்பாங்க, பின்னாடி வரி ஆபீஸ்ல இருந்து லெட்டர் வந்தா பதில் சொல்ல வேண்டியது நாமதான், அதனால மொத காண்ட்ராக்ட்டுக்கு முன்னாடியே ஒரு நல்ல அக்கவுண்டன்ட்ட பாத்துடுங்க. இன்னொன்னு, வாரம் 40 மணி நேரத்துக்கு மேல ஓவர்டைம் பாத்தா எனக்கு கணக்கு போட்டது அந்த 24 டாலர் மேலதான், ஒன்றரை மடங்குன்னா 36. அதே வார்டுல நிரந்தரமா இருக்கறவங்களோட சாதா சம்பளமே அதுகிட்ட வரும். லீவு போட்டா சம்பளம் கிடையாது, ஸ்டைபெண்ட்டும் கிடையாது.

நான் ஏமாந்தத சொல்றேன். மொத டிராவல் காண்ட்ராக்ட்ல, வாரத்துக்கு இத்தனை மணி நேரம் கட்டாயம் தருவோம்ங்கற வரி இருக்கான்னு பாக்காம கையெழுத்து போட்டேன். சின்ன ஊர்ல பிரசவம் தினமும் ஒரே மாதிரி வராது, ஒரு நாள் அஞ்சு அம்மாங்க ஒண்ணா வருவாங்க, அடுத்த ரெண்டு நாள் வார்டே காலியா கிடக்கும். காலியா இருந்தா மொதல்ல வேண்டாம்னு வீட்டுக்கு அனுப்பறது டிராவல் நர்ஸதான். மூணாவது வாரத்துல எனக்கு ரெண்டு ஷிப்ட் கேன்சல் ஆச்சு, அதுக்கடுத்த வாரம் ஒன்னு, வாடகை மட்டும் கேன்சல் ஆகல. ஏஜென்சிக்கு போன் பண்ணா காண்ட்ராக்ட்ல அப்படித்தானே இருக்குன்னுட்டாங்க. அதோட, பிரசவம் இல்லாத நாள்ல வேற வார்டுக்கு அனுப்புவாங்க, குழந்தை பெத்த அம்மாங்க வார்டுன்னா பரவால்ல, நமக்கு பழக்கமே இல்லாத வார்டுக்கும் அனுப்பலாம்னு எழுதியிருந்தா அதையும் படிச்சு பாத்து கேக்கணும்.

இதெல்லாம் காசு விஷயம், போனா திரும்ப வந்துடும். நான் ரொம்ப சொல்ல நினைக்கறது வார்டுக்குள்ள நடக்கறத பத்தி.

வாடகை கம்மியா இருக்கற ஊர்னா அது பெரும்பாலும் டாக்டரும் கம்மியா இருக்கற ஊர். அமெரிக்காவுல கிராமப்புறத்துல நிறைய ஆஸ்பத்திரி பிரசவ வார்டையே மூடிட்டாங்க, பிரசவம் கம்மி, செலவு ஜாஸ்தி, ஆள் கிடைக்கல. மூடாம இருக்கற ஒரு வார்டுக்கு ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிட்டு வலியோட வர்றாங்க. நான் இருந்த இடத்துல ராத்திரி ரெண்டே நர்ஸ், டாக்டர் வீட்ல இருப்பார், கூப்பிட்டா இருபது நிமிஷத்துல வருவார், மயக்க டாக்டரும் அப்படித்தான். புதுசா வந்தவளுக்கு ஓரியண்டேஷன் ரெண்டே ஷிப்ட். மொத நாளே நான் போய் பாத்தது ரத்தப்போக்குக்குன்னு வெச்சிருக்கற வண்டி எங்க நிக்குது, எந்த டிராயர்ல என்ன மருந்து, ஃப்ரிட்ஜ்ல என்ன இருக்கு, தியேட்டருக்கு எந்த கதவு வழியா போகணும், ரத்தம் கேட்டா எந்த நம்பருக்கு அடிக்கணும். கேண்டீன் எங்க இருக்குன்னே எனக்கு நாலாவது நாள்தான் தெரியும்.

ஒரு ராத்திரி ரெண்டு மணி இருக்கும், மூணாவது பிரசவம், சுகப்பிரசவம், நஞ்சுக்கொடியும் முழுசா வந்துடுச்சு, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, டாக்டர் எழுதி முடிச்சுட்டு கிளம்பிட்டார். கால் மணிக்கு ஒரு தடவ வயித்த தொட்டு பாக்கணும் இல்லையா, ரெண்டாவது தடவ கை வெச்சப்போ கர்ப்பப்பை தேங்கா மாதிரி கெட்டியா இருக்க வேண்டியது பிசைஞ்ச மாவு மாதிரி கைக்குள்ள அமுங்குச்சு. அந்த பொண்ணு சிரிச்சுட்டு குழந்தைய பாத்துட்டு இருக்கு, பல்ஸ் இன்னும் பெருசா மாறல, மானிட்டர பாத்தா ஒன்னுமே தெரியாது. கைதான் சொல்லுச்சு, கர்ப்பப்பை சுருங்கல, ரத்தம் நிக்காதுன்னு. ஒரு கையால கர்ப்பப்பைய தேய்ச்சுகிட்டே பெல் அடிச்சேன், இன்னொரு நர்ஸ் கர்ப்பப்பைய சுருங்க வெக்கற ஆக்ஸிடோசின் டிரிப்ப ஏத்தினாங்க, டாக்டர திரும்ப கூப்பிட்டாங்க, அவர் போன்ல சொன்ன மருந்த எடுக்கும்போதே நான் சொன்னேன், இந்த அம்மாவுக்கு பிபி இருக்கு, பிபிய இன்னும் ஏத்தற மெத்தர்ஜின் வேண்டாம்னு. அதே வேலைய செய்யற கார்போப்ரோஸ்ட ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு போடக்கூடாது, இவங்களுக்கு ஆஸ்துமா இல்லங்கறது சேர்க்கும்போது நானே கேட்டு எழுதியிருந்தேன் அதனால அத போட்டோம். அடியில இருந்த பேட், ஷீட்டு எல்லாத்தையும் தராசுல வெச்சு காஞ்ச பேடோட எடைய கழிச்சோம், ஒரு கிராம்னா ஒரு மில்லி ரத்தம். அங்க 1,000 மில்லி தாண்டினா பெரிய ரத்தப்போக்குன்னு கணக்கு, எங்களுக்கு 1,150 வந்துச்சு. டாக்டர் உள்ள வரும்போது என் கைக்கு அடியில அது கெட்டியாகிட்டு இருந்துச்சு. அந்த பொண்ணு மூணாம் நாள் நடந்து வீட்டுக்கு போச்சு.

அந்த கை எனக்கு அமெரிக்காவுல வரல சார். ஒரு ராத்திரியில இருபது பிரசவம் பாத்த இங்கதான் வந்துச்சு. எங்க சீனியர் சிஸ்டர் ஒருத்தங்க, ரிட்டயர் ஆகிட்டாங்க, ஒவ்வொரு புது பொண்ணோட கையையும் பிடிச்சு அம்மாவோட வயித்து மேல வெச்சு "இப்போ எப்படி இருக்கு, இப்போ எப்படி இருக்கு"ன்னு கேட்டுட்டே இருப்பாங்க, பதில் சரியா வர்ற வரைக்கும் விட மாட்டாங்க. 1871லயே நர்ஸுங்களுக்கு பயிற்சி ஆரம்பிச்ச ஊர் இது, எழும்பூர், கோஷா ஆஸ்பத்திரி, ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம்னு பிரசவ ஆஸ்பத்திரிங்கள்ல தலைமுறை தலைமுறையா பிரசவம் பாத்த கைங்க இருக்கற ஊர். இங்க படிச்சு வெளிய வர்றவங்க நர்ஸ்னு மட்டும் இல்ல, பிரசவம் பாக்கற மிட்வைஃப்னும் பதிவு பண்ணிதான் வர்றாங்க. அங்க சாதாரணமா குழந்தைய எடுக்கறது டாக்டரோ மிட்வைஃபோதான், நர்ஸ் எடுக்கறது அவசரத்துக்கு மட்டும்தான், அது வேற விஷயம். அங்க போய் நான் கத்துகிட்டதும் நிறைய இருக்கு, குழந்தையோட துடிப்பு ஓடற பேப்பர விடாம படிக்கறது, வலி முத்தி முக்கற நேரத்துல ஒரு அம்மாவுக்கு ஒரு நர்ஸ் பக்கத்துலயே நிக்கறது. பக்கத்துலயே நின்னு ஒரு அம்மாவோட முதுக தேய்ச்சு விட்டப்போ, இங்க நாலு பேருக்கு நடுவுல ஓடி ஓடி எத்தனை பேர் கைய விட்டுட்டு போயிருக்கேன்னு நினைச்சு வீட்டுக்கு வந்து அழுதேன். அந்த ஒரு அம்மாவுக்கு ஒரு நர்ஸ்ங்கறது நம்ம வார்டுலயும் வரணும், வந்தா பாதி பொண்ணுங்க ஊர விட்டு போகணும்னே நினைக்க மாட்டாங்க.

அதனால தங்கச்சிங்களா, படிப்பு முடிச்ச கையோட லேபர் வார்டு பிடிக்கலன்னு ஐசியூக்கு ஓடிட்டு பேப்பர்ல மட்டும் பிரசவ அனுபவம்னு எழுதி வாங்கிட்டு போகாதீங்க, அந்த மாதிரி சர்ட்டிபிகேட் தர்ற இடமும் இருக்குன்னு கேள்விப்படறேன். ரெண்டு வருஷம் லேபர் வார்டு அனுபவம் வேணும்னு டிராவல் காண்ட்ராக்ட்ல கேக்கறது சும்மா இல்ல. அந்த சின்ன ஊர்ல ராத்திரி ரெண்டு மணிக்கு பக்கத்துல கேக்கறதுக்கு ஆள் இருக்காது. கார் ஓட்ட கத்துக்கோங்க, பஸ் கிடையாது, பனியில ஓட்டணும். இட்லி அரிசி வாங்க ரெண்டு மணி நேரம் போகணும், அது பழகிடும். தனிமை பழகறதுக்கு நாள் ஆகும், எனக்கு மொத காண்ட்ராக்ட்ல ஞாயித்துக்கிழமை அம்மா போன் வர்ற நேரம் வரைக்கும் தமிழ்ல ஒரு வார்த்த பேசாத வாரம் எல்லாம் உண்டு.

சார், உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு வேலை விளம்பரம் உங்க பேப்பர்லயும் வருது, அது பக்கத்துலயே ஒரு காண்ட்ராக்ட்ட எப்படி படிக்கறதுன்னு தமிழ்ல ஒரு நாள் போடுங்க. நான் மொதல்ல ஏமாந்த காண்ட்ராக்ட்டையும், அதுக்கப்புறம் கேட்டு கேட்டு வரி வரியா மாத்தி வாங்கின காண்ட்ராக்ட்டையும் பேரு ஊரு எல்லாம் அழிச்சு ஜெராக்ஸ் எடுத்து இதோட வெச்சிருக்கேன், எந்த எந்த வரிய பாக்கணும்னு சிவப்பு பேனாவால கோடு போட்டிருக்கேன். ரெண்டாவது பக்கத்துல நாலாவது வரிதான் அந்த மணி நேர உத்தரவாதம், மொத காண்ட்ராக்ட்ல அந்த இடம் காலியா இருக்கும், பாருங்க.

இப்படிக்கு,
ஒரு லேபர் வார்டு நர்ஸ்,
பெரம்பூர், சென்னை - 11