மூத்தோர் நலச்சங்கம், மதுரை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்காக இந்த அறிக்கை வாட்ஸ்அப் குழுவில் போடப்படும். திறந்து பார்ப்பது அவரவர் விருப்பம்.

அழகர் ஆற்றில் இறங்கிய அன்று வழக்கம்போல் நீர்மோர்ப் பந்தல் போட்டோம். சுதந்திர தினத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். கண் பரிசோதனை முகாம் ஒன்று நடந்தது. அழகர்கோவில் சுற்றுலாவுக்கு ஆள் சேராததால் வேனுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டோம்.

இனி ஈறு முகாம். சங்கப் பணத்தைப் போய்ப் பல்லுக்குச் செலவழிக்கலாமா என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வைகாசிக் கடைசி ஞாயிறு, ஈறு மருத்துவர் ஒருவர் பயிற்சி மருத்துவர்களுடன் வந்தார். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு, ஒரு பல்லுக்கு ஆறு இடமாக அளந்தார்கள். 3 மில்லிமீட்டர் வரை இறங்கி, ரத்தமும் வராவிட்டால் கவலையில்லை. 4, 5 என்று இறங்கி ரத்தம் கசிந்தால் அங்கே ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து பை விழுந்திருக்கக்கூடும். நாம் எவ்வளவு தேய்த்தாலும் அந்தப் பையின் அடி வரைக்கும் பிரஷ் எட்டாது. உள்ளே தங்கும் கிருமிப் படலம் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து சில நாளில் காரையாக இறுகிவிடும். எச்சில் சுரந்து வரும் குழாயின் வாய் அருகில் இருப்பதால் கீழ் முன்பல்லின் உட்பக்கத்திலும், மேல் கடைவாய்ப்பல்லின் கன்னப் பக்கத்திலும்தான் காரை அதிகம் பிடிக்கும். நம்மவர்கள் கண்ணாடியில் பார்ப்பதோ முன்பல்லின் வெளிப்பக்கத்தை மட்டும்.

வெறும் ஈறு வீக்கம் என்றால் சுத்தம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டால் அந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வராது. மேலும் கரையாமல் நிறுத்தத்தான் முடியும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தேய்க்காமல் விடுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அங்கே படலம் தங்கியிருப்பதால்தான் ரத்தமே வருகிறது. வெறும் வீக்கமாக இருந்தால், ஒழுங்காகத் தேய்த்துவர ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும். புகைபிடிப்பவர்களுக்கு ரத்தம்கூடச் சரியாக வராது. உள்ளே நோய் இருந்தும் வெளியில் தெரியாது. சோழவந்தான் வெற்றிலையை நான் குறை சொல்லவில்லை. கூடவே ஒதுக்கும் புகையிலைதான், வைக்கிற இடத்தில் ஈறைக் கீழே இறக்குகிறது.

ஆழமான பை உள்ளவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி போட்டு, வாயை நான்கு பாகமாகப் பிரித்து, சில அமர்வுகளில் வேர் வரைக்கும் காரையைச் சுரண்டி எடுத்தார்கள். "பல்லை ஆட்டிவிட்டுட்டாங்க, இடுக்கு விழுந்துருச்சு" என்று சிலர் தெருமுனை வரை பேசியது என் காதுக்கும் வந்தது. அந்த இடுக்கில் முன்பு அடைத்துக்கொண்டிருந்தது காரை. வீங்கிய ஈறு வற்றியதும் வேர் வெளியே தெரிகிறது, சில வாரம் பல் கூசுகிறது. கூச்சத்துக்கான பற்பசை போட்டால் அடங்கும்.

இப்போது என் வருத்தம். சுரண்டி எடுப்பதோடு சிகிச்சை முடிவதில்லை. ஈறு ஆறிப் பல்லோடு ஒட்டியிருக்கிறதா என்று ஆறு முதல் எட்டு வாரத்தில் திரும்ப அளக்க வேண்டும். அப்போதும் 5 மில்லிமீட்டர் நின்று ரத்தம் வந்தால் மறுபடி சுத்தம், ஆழம் அதிகமென்றால் ஈறைத் திறந்து அறுவை. அதன் பிறகு பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். மறுபரிசோதனைக்கு மருத்துவர் தன் ஞாயிற்றுக்கிழமையை விட்டு வந்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு தேறாது. "முகூர்த்த நாள், கல்யாணம்" என்று காரணம் சொன்னார்கள். அது ஆடி மாதம். ஆடியில் எந்த வீட்டில் கல்யாணம் என்று நானும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

வராதவர்களில் பலர் சர்க்கரை நோயாளிகள் என்பதுதான் கூடுதல் கவலை. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்படாது. ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) சராசரியாக 0.4 புள்ளி வரை குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. 2017-இல் உலக ஈறு மருத்துவர்கள் கூடி வகுத்த முறையில், அந்த அளவு 7-ஐத் தொட்டவர்களும் நாளுக்குப் பத்து சிகரெட் பிடிப்பவர்களும் நோய் வேகமாகப் பரவும் பிரிவில் வருகிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆண்டு விழாவுக்கு எவர்சில்வர் டப்பா தராமல் பல்லிடுக்கு பிரஷ் கொடுத்தது பற்றியும் முணுமுணுப்பு உண்டு. டப்பா எல்லார் வீட்டுப் பரணிலும் இருக்கிறது. இடுக்கு பிரஷ் வேண்டிய அளவு பார்த்து வாங்கப்பட்டது: இடுக்கில் இறுக்கமாக நுழைய வேண்டும், கம்பி உரசக்கூடாது, திணிக்கக்கூடாது. படுக்கும் முன் ஒரு தடவை விட்டு எடுத்து அலசி வையுங்கள். முடி சாய்ந்தால் மாற்றுங்கள். நெருக்கமான பல்லுக்கு நூல். பல் துலக்க மென்மையான பிரஷ்தான். ஈறோரத்தில் 45 டிகிரி சாய்த்து, இரண்டிரண்டு பல்லாக மெல்ல அசைத்து, இரண்டு நிமிடம். கரகரப்பான பல்பொடியைக் குறுக்கே தேய்த்தால் பல்லின் கழுத்து தேயும். வாய் கொப்பளிக்கும் குளோரெக்சிடின் 0.2 சதவீத மருந்து 10 மில்லி, இரண்டு வேளை, இரண்டு வாரம் போதும்; அதற்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை விழும், நாக்கு ருசி மாறும். பற்பசை போட்டுத் துலக்கி அரை மணி நேரம் கழித்துக் கொப்பளிப்பது நல்லது, இல்லாவிட்டால் மருந்தின் வேகம் குறையலாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. மாதம் 30 ரூபாய் சந்தா, இரண்டு ஆண்டாகக் கட்டாதவர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது. பெயர் சொல்லிப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொல்லிவிட்டார். முகாமில் முதல் வரிசையில் டோக்கன் வாங்கியவர்களும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மருத்துவக் குழுவினருக்கும், இடம் தந்த கல்யாண மண்டபத்தாருக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும், தேநீர் தந்த உறுப்பினர் குடும்பங்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபரிசோதனை நடத்த மருத்துவர் இசைந்திருக்கிறார். கையுறை, ஊசி மருந்து, கருவிகளை அழுத்த நீராவிக் கலனில் (ஆட்டோகிளேவ்) சுத்திகரிக்கும் செலவு சங்கத்தைச் சேர்ந்தது. நிலுவைச் சந்தா பாதி வந்தால்கூட நான்கு தடவையும் நடத்திவிடலாம். வராவிட்டால் நான் பதிவேட்டைப் புதிய செயலாளரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். பொறுப்பேற்க முன்வருபவர் இன்றே கை தூக்கலாம். அளவு எடுத்த அட்டைகள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் பையின் ஆழம் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்து சாப்பிடப் போகும் முன் வந்து கேட்டுக்கொள்ளுங்கள். ரசீதுப் புத்தகமும் அதே மேசையில் இருக்கும்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்