பகலில் வந்துபோன பேய்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, கிங் ஹு இயக்கிய 'லெஜண்ட் ஆஃப் த மவுண்டன்' படத்தை அரை மணி நேரம் பார்த்ததாகவும், "ஒருவன் நடந்துகொண்டே இருக்கிறான் அப்பா, பேயையே காணோம்" என்று நிறுத்திவிட்டதாகவும் சொன்னாய். தொலைபேசியில் சொல்லித் தீராத விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

அந்த நடையிலேயே படம் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. சீனாவின் சோங் அரசமரபுக் காலத்து ஏழைப் படிப்பாளி ஒருவன், இறந்தோரின் ஆவிகள் மீது ஆற்றல் கொண்ட ஒரு பௌத்த சூத்திரத்தைப் படியெடுத்துத் தர ஒப்புக்கொண்டு, அமைதியான இடம் தேடி மலைக்குப் போகிறான். சீன மலை ஓவியங்களில் மனிதன் ஒரு மைத்துளியாக நிற்பானே, அதுபோல அவனைச் சிறிதாக்கி, பாறையையும் பனிமூட்டத்தையும் பெரிதாக்கிக்கொண்டே போகிறார் இயக்குநர். தொலைவில் வெள்ளையுடையில் ஒரு பெண் குழலூதுவது தெரிகிறது. மறுபடி பார்த்தால் அங்கே எவருமில்லை. இருட்டும் அலறலும் இல்லாமல், நல்ல பகல் வெளிச்சத்தில், நீ பேயைக் காணோம் என்ற அந்த நேரத்திலேயே அவள் வந்து போய்விட்டாள், அம்மா.

நீ பார்க்காமல் விட்டதில் எனக்குப் பெரும் வருத்தம் தருவது முரசுக் காட்சி. ஷு ஃபெங் ஏற்ற மெலடி என்னும் பெண், விருந்தினனான படிப்பாளியின் முன் ஒரு சிறு முரசை வாசிக்கத் தொடங்குகிறாள். அடி மெல்லத்தான் எழுகிறது. பிறகு குச்சிகள், அவள் கண்கள், நிலைதடுமாறும் அவன் முகம் என ஒவ்வொரு காட்சித்துண்டும் குறுகிக் குறுகி வர, தாளமே கயிறாகி அவனைக் கட்டிவிடுகிறது. விடிந்து எழும்போது, இரவு நடந்தது நினைவில்லாமலே அவளை மணக்க வேண்டியவனாகிவிடுகிறான். பின்னர் ஒரு லாமாவும் அவளும் மோதும்போதும் ஆயுதம் முரசொலியே. பெய்ஜிங்கில் பிறந்து அந்நகரத்து இசைநாடகத்தில் ஊறியவர் கிங் ஹு. தாளத்துக்கேற்ப வெட்டும் அந்தப் படத்தொகுப்பின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இறுதி மோதலின் வண்ணப் புகை மட்டும் எனக்கும் சற்று நீளமாகவே படுகிறது.

அந்த மலைகள் சீனாவில் உள்ளவை அல்ல, தென்கொரியாவில் உள்ளவை. 1949இல் ஹாங்காங் வந்துசேர்ந்த கிங் ஹுவுக்கு அன்று சீனப் பெருநிலத்தில் படமெடுக்க வழியில்லாததால், சோங் காலத்து நிலக்காட்சியை அயல்நாட்டுக் கோயில்களிலும் காடுகளிலும் தேடி எடுத்தார். 1979இல் சிறந்த இயக்குநருக்கான தைவானின் தங்கக் குதிரைத் திரைப்பட விருது கிடைத்த இப்படமே, மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் தன் முழு நீளத்தை இழந்து, வெட்டப்பட்ட வடிவில்தான் பல காலம் உலவியது. நீ வேலைக்காக இருக்கும் தைவான் நாட்டின் திரைப்படக் கழகம்தான் முழுப் படத்தையும் மீட்டெடுத்தது. 1997இல் கிங் ஹு காலமானதும் உன் தைபேயில்தான்.

ஆகவே, விடுமுறை நாளில், கைபேசியில் அல்லாமல் பெரிய திரையில், ஒலியை நன்றாக வைத்து முதலிலிருந்து பார். முரசு முழங்கி முடிந்ததும் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா