தடைக்காலத்தில் வாருங்கள், படகில் ஏறிச் சொல்லிக் கொடுங்கள்

மீனவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அனுப்பப்படும் இந்தியக் கடலோரக் காவல்படையினருக்கு,

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் பயிற்சிக்குத் தேதி குறிக்கும் முன், எங்கள் படகுகள் அப்போது எங்கே இருக்கும் என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

எங்கள் ஆட்கள் தங்கல் தொழில் செய்பவர்கள். ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். ஜனவரியில் கூட்டம் போட்டால் முன்வரிசையில் உட்காருவது தொழிலை விட்ட பெரியவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். படகை ஓட்டும் ஸ்ராங்கும் மற்றவர்களும் ஊரில் இருப்பது அப்போதுதான்.

மண்டபம் வேண்டாம், படகிலேயே வையுங்கள். 1554 என்ற எண் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் செல்போன் டவர் எட்டும் தூரம் வரைதான் அதனால் பயன். வயர்லெஸ்ஸும் நடுக்கடலிலிருந்து கரைக்குக் கேட்காது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது, பல நாள் முன்பே கிளம்பிப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராததற்குக் காரணம் இதுதான். செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் 'டாட்' கருவி 2010 முதலே இருக்கிறது. பழைய கருவியில், அழுத்தியவனுக்குச் செய்தி போனதா இல்லையா என்றே தெரியாது. இஸ்ரோ செய்த இரண்டாம் தலைமுறைக் கருவி, செய்தி கிடைத்தது என்று பதில் சொல்கிறது. புயல் எச்சரிக்கையும் அதில் வரும். ப்ளூடூத்தில் செல்போனோடு இணைத்தால் சொந்த மொழியில் படிக்கலாம். இதைப் படம் போட்டுக் காட்டினால் போதாது. ஒவ்வொருவன் கையிலும் கொடுத்து, அவனவன் போனில் இணைக்க வையுங்கள். தவறி அழுத்திவிட்டால் யாரிடம் சொல்வது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். கேஸ் வந்துவிடுமோ என்று பயந்தே கருவியைத் தொடாதவர்கள் உண்டு.

ஸ்ராங்குக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவரே கடலில் விழுந்துவிட்டால்? இப்போது படகுகளில் வடக்கிலிருந்து வந்த பையன்களும் வேலை செய்கிறார்கள். உங்களில் பலர் பேசும் இந்தி எங்களுக்குப் புரிவதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வோம். அந்தப் பையன்களுக்கு அது உதவும். எங்களுக்குத் தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள்.

சொல்லிக் கொடுப்பதோடு கொஞ்சம் கேட்டுக்கொள்ளவும் செய்யுங்கள். ஒக்கிக்குப் பிறகு தேடப் போன கப்பல்களில் எங்கள் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்தப் பருவத்தில் யார் எந்தப் பக்கம் தூண்டில் போடுவார்கள், எஞ்சின் நின்ற படகை நீரோட்டம் எங்கே இழுத்துப் போகும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்த விவரம் அடுத்த புயலுக்கு முன்பே உங்கள் வரைபடத்தில் இருக்கட்டும்.

தேதி முடிவானதும் எங்கள் தேவாலயத்தின் பங்குப் பேரவையிடம் சொல்லுங்கள். பூசை முடிந்ததும் அறிவித்துவிடுவார்கள், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தூத்தூர் கரையிலிருந்து ஒரு கடல் தொழிலாளி