சாவலைச் சட்டிக்க போடாத

அன்பின் மச்சான்,

இஞ்ச எல்லாரும் சுகம். உன்ர கடிதத்துக்கு உடன பதில் எழுதிறதுக்கு ஒரே காரணம் அந்தச் சாவல். அடைவைக்கிற மெசினில வைச்ச முட்டையள் சரிவரேல்லை, சாவல்தான் காரணம் எண்டு ஞாயிற்றுக்கிழமை அதைக் கறியாக்கப் போறியாம். கொஞ்சம் பொறு.

ஏழாம் நாள் டோர்ச் பிடிச்சுப் பாக்கேக்க முக்கால்வாசி முட்டையில இரத்த வளையம் எண்டு நீதான் எழுதியிருக்கிறாய். கருக்கட்டாத முட்டை கடைசி மட்டும் வெறுமையாத்தான் தெரியும். வளையம் எண்டால் கரு வளர்ந்து, இரத்தக்குழாய் ஓடினாப்பிறகு செத்திருக்கு. சாவல் தன்ர வேலையை முடிச்சிட்டுது! பிள்ளை இல்லையெண்டால் பெண்டுகளைப் பழிக்கிற ஊரில நீ சாவலைப் பழிக்கிறது முன்னேற்றம்தான், எண்டாலும் பிழை.

நீ அடைவைக்கிற நாளை முதல் நாள் எண்டு நினைக்கிறாய். அதுக்கு முந்தியே எல்லாம் தொடங்கிடும். மஞ்சட்கரு சூலகத்தில இருந்து விழுந்து கால் மணித்தியாலத்துக்குள்ள கருக்கட்டிடும். வெள்ளைக்கருவும் கோதும் சேர ஒரு நாள். அவ்வளவு நேரமும் கோழியின்ர 41 பாகைச் சூட்டில கருவின்ர கலம் (செல்) 2, 4, 8 எண்டு பிரிஞ்சுகொண்டே இருக்கும். முட்டை இடேக்க மஞ்சளுக்கு மேல 4 மில்லிமீற்றர் தட்டு, அதில சுமார் 50,000 கலம். ஒண்டை உடைச்சுப் பார்: நடு தெளிவாய், சுத்திவர வெள்ளை வட்டம் கிடந்தால் கருக்கட்டினது. வட்டமில்லாத சின்ன வெள்ளைப் பொட்டெண்டால் கட்டாதது.

முட்டை ஆறினதும் கரு நித்திரைக்குப் போகும். ஆனால் 20, 21 பாகைக்குக் கீழதான் முழு நித்திரை. உன்ர தகரக் கொட்டிலுக்க மத்தியானம் 35. கலம் தாறுமாறாய்ப் பிரிஞ்சு, மெசினுக்க போக முதலே பலம் கெட்டிடும். பிறகு மெசினில 18 மணித்தியாலத்தில நடுக்கோடு, அதாவது உடம்பு உருவாகத் தொடங்கிற கோடு, விழும், இரண்டாம் நாள் இதயமும் துடிக்கும், அதோட சரி.

அஞ்சு நாளுக்கு மேல முட்டை சேர்க்காத. மண்பானையை ஈரமணலில வைச்சு, வெளியால நனைச்ச சாக்கைச் சுத்து. முட்டையில ஈரம் படக்கூடாது, கூர்ப்பக்கம் கீழ. சோளகக் காத்துக்கு, அதுதான் தென்மேற்குக் காத்துக்கு, நல்லாய்க் குளிரும். பிறிஜ்ஜுக்க வைக்காத, 4 பாகை அதுக்குக் கூடாது. விசிறி உள்ள மெசினுக்கு 37.5. 18 நாளும் நாளுக்கு அஞ்சு தரம் பிரட்டு. விட்டால் கரு கோதுச் சவ்வில ஒட்டிப்போகும்.

பெரியத்தானிட்ட இருக்கிற நல்ல டோர்ச்சை எப்பிடியாவது வாங்கு, அவர் தருவாரெண்டால். அடுத்தமுறை வளையம் கண்ட முட்டையளை எறியாமல் உடைச்சுப் பார்த்து, எந்த அளவில நிண்டிருக்கெண்டு எழுது. குசினிக்க வைச்சு உடைக்காத, மாமி உன்னை அடிப்பா.

இப்படிக்கு,
உன்ர பழைய ‘டொக்டர்’