வயலுக்கும் கோவிலுக்கும் இடையில் கைகொடுத்தவர்களுக்கு

அன்பான பங்கு மக்களுக்கும் அயலவர்களுக்கும்,

போன ஞாயிறோடு எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் மறைக்கல்விப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன். பூசை முடிவில் பங்குச் சுவாமி மாலை போட்டார், நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். சரி, சந்தோஷம். ஆனால் அந்த மாலையில் பாதிக்கு மேல் அன்று கோவிலுக்குள் இல்லாதவர்களுக்குச் சேர வேண்டியது. அவர்களில் சிலர் எங்கள் கோவிலுக்கு வருகிறவர்களே அல்ல. அதனால்தான் இதை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

மன்னார் கட்டுக்கரைக் குளத்தின் கீழ் கமம் செய்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோவில் நாட்காட்டி போட்டவர்கள் எங்கள் வயலைக் கேட்டுப் போடவில்லை. மாரி மழையோடு செய்யும் காலபோக விதைப்பு அலுவல் முடியுமுன் நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாள் வந்துவிடும், கல்லறைகள் உள்ள சேமக்காலையைத் துப்புரவாக்க வேண்டும். களை, பசளை என்று ஓடும்போது கிறிஸ்மஸ் ஒளிவிழா ஒத்திகை. அரிவுவெட்டு தொடங்கினால் தவக்காலம், வெள்ளி தோறும் சிலுவைப்பாதை. கோடையில் சிறுபோகமும் செய்த வருடம் என்றால் கதிர் முற்றும் நேரம் பார்த்து ஓகஸ்ட் 15, மடுமாதா திருவிழா. இதற்குள், முதன்முதல் நற்கருணை வாங்கும் முதல் நன்மைப் பிள்ளைகளையும் ஆயத்தப்படுத்த வேண்டும்.

முதல் நன்றி, வரம்புக்கு அந்தப் பக்கத்து அண்ணைக்கு. குளத்தில் இருந்து முறை வைத்து விடும் தண்ணீர் ஞாயிறு, திங்கள் பார்த்து வராது. வாய்க்காலில் தண்ணீர் வரும்போது ஆள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த முறை போனதுதான். "நீங்கள் பிள்ளையளைப் பாருங்கோ, வாய்க்காலை நான் பாக்கிறன்" என்பார். அவர் சைவர். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் சிவன் கோவிலுக்குப் போய்க் கண்விழிக்கிறவர். அந்த இரவு இரண்டு வயலுக்கும் நான்தான் பன்றிக் காவல். 2018 இல் சிவராத்திரி பெப்ரவரி 13, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் மறுநாள். நான் காவல் கொட்டிலில் இருந்து நேரே கோவிலுக்கு, அவர் கேதீச்சரத்தில் இருந்து நேரே வயலுக்கு. வரம்பில் சந்தித்தபோது அவர் நெற்றியில் திருநீறு, என் நெற்றியில் சாம்பல், இரண்டு பேர் கண்ணிலும் நித்திரை. அண்ணை, எங்கள் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு நீங்கள் யாரென்று தெரியாது. இனியாவது தெரியட்டும்.

அடுத்தது மனைவிக்கு. ஒருமுறை சுவாமி பிரசங்கத்தில், பவுலடியார் கொரிந்துவில் கூடாரம் செய்து உழைத்துக்கொண்டே நற்செய்தி சொன்னதை எடுத்துக்காட்டி, குருக்கள் அல்லாத பொதுநிலையினரும் அப்படி இருக்கலாம் என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, மனைவி கேட்டார்: "பவுலுக்கு மூண்டு பிள்ளையளும் மாட்டுக்குத் தண்ணி வைக்கிற வேலையும் இருந்ததோ?" எந்த விவிலிய விளக்க நூலிலும் இதற்குப் பதில் இல்லை. காலையில் முன்பள்ளிக்குப் போய்ப் படிப்பித்துவிட்டு வந்து, என் பங்கு வேலையையும் சேர்த்துச் செய்தவர் கேட்ட கேள்வி அது. ஞாயிறு பின்னேரம் வீட்டுக்கு, கூட்டம் ஒத்திகை எதுவும் இல்லை என்று சட்டம் போட்டவரும் அவர்தான். அதைச் சுவாமியிடம் போய்ச் சொன்னவரும் அவர்தான். எனக்கு அந்தத் துணிவு வந்திராது.

சுவாமியும் முகம் சுளிக்கவில்லை. அரிவுவெட்டு மாதங்களில் பங்குக் கூட்டத்தைக் கிழமை நாளில், பொழுதுபட்ட பிறகு வைத்தார். பொதுநிலையினர் பணி பற்றி எங்கள் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் தனி ஏடே தந்தது. குடும்பமும் அந்தப் பணிக்குரிய இடம் என்று அதில் இருக்கிறது. கருத்தரங்குகளில் அதைப் பலர் வாசித்துக் காட்டக் கேட்டிருக்கிறேன். கூட்டத்தின் நேரத்தை மாற்றியவர் எங்கள் சுவாமி ஒருவர்தான்.

இப்போது இல்லாத ஒருவரையும் சொல்ல வேண்டும். 2008 ஏப்ரலில், போர் நெருங்கியதால் மடுமாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டது. நாங்களும் சட்டி பானையோடு இடம் இடமாக அலைந்தோம். எங்களோடு வந்த ஒரு ஆச்சி, தறப்பாள் கொட்டில்களுக்கு நடுவில் பிள்ளைகளை மரத்தடியில் இருத்தி மந்திரம் சொல்லிக்கொடுப்பார். புத்தகம் இல்லை. அடுப்பில் கஞ்சி, பக்கத்தில் நோயாளிப் புருஷன், வாயில் விசுவாசப் பிரமாணம். கஞ்சி பொங்கினால் ஒரு பிள்ளை எழும்பிப் போய்க் கிண்டும், மற்றவர்கள் விட்ட இடத்தில் இருந்து தொடருவார்கள். நேரமில்லை என்று நான் அலுத்த நாட்களில் ஆச்சியைத்தான் நினைப்பேன். அவருடைய பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்தாலும் இது கண்ணில் படட்டும்.

அப்புறம், சிலுவைப்பாதைக்கு நேரமாகிறது என்றதும் என் வயல் துண்டை முதலில் வெட்டித் தந்த அரிவு மெஷின்காரத் தம்பி, பிள்ளைகளை ஏற்றி இறக்கிய ஓட்டோ அண்ணை, நான் வரப் பிந்தினால் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வகுப்பைப் பிடித்து வைத்த சிஸ்டர், என் மகளுக்குக் காசு வாங்காமல் கணிதம் படிப்பித்த அயல் வீட்டு ரீச்சர். எல்லோருக்கும் நன்றி.

பொறுப்பெடுக்கும் தங்கச்சிக்கு: நீங்களும் கமக்கார வீட்டுப் பிள்ளை. மெஷின் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கும் என்றால் எனக்கு ஒரு சொல் அனுப்புங்கள், அன்றைய வகுப்பை நான் எடுக்கிறேன். வருகைப் பதிவேடு கோவில் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. திறப்பு சிஸ்டரிடம்.

அன்புடன்,
உங்கள் பழைய மறையாசிரியர்