"பனி இல்லை" என்றும் எழுதி வைத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

அலாஸ்காவின் சுக்சிக் கடற்கரையில் பனிப்பருவம் எப்படி மாறி வந்திருக்கிறது என்ற எங்கள் தொகுப்பு ஒருவழியாக முடிந்தது. கண்டது இவ்வளவுதான்: கடல் முன்பைவிடத் தாமதமாக உறைகிறது, அந்தப் பனி சீக்கிரமே உடைகிறது. இதை ஆதாரத்தோடு சொல்லக் கைகொடுத்தவர்களுக்கே இந்த மடல்.

முதல் நன்றி, அதை வாங்கிக்கொள்ள இன்று இல்லாதவர்களுக்கு. 1880களில் 'தாமஸ் கார்வின்' போன்ற அமெரிக்க ரோந்துக் கப்பல்கள் கோடையில் அந்தப் பக்கம் போய்வந்தன. காவல் முறையில் இருந்த அதிகாரிகள் காற்று, வெப்பம், கண்ணில் பட்ட பனி எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதினார்கள். பருவநிலை ஆய்வா அவர்கள் நினைப்பில் இருந்தது? கப்பல் சிக்கிக்கொள்ளக் கூடாது, அவ்வளவே. பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1871-இல் அதே கரையில், இன்றைய வெயின்ரைட் ஊர் அருகே 33 திமிங்கல வேட்டைக் கப்பல்களைப் பனியில் அப்படியே விட்டுவிட்டு வர நேர்ந்தது. 1,219 பேரும் உயிர் தப்பியது பெரிய விஷயம்.

அந்தப் பதிவேட்டுப் பக்கங்களைத் திரையில் பார்த்து வரிவரியாகத் தட்டச்சு செய்த 'ஓல்ட் வெதர்' திட்டத் தன்னார்வலர்களே, உங்கள் கண்களுக்கு ஒரு கும்பிடு! நீங்கள் "பனி தென்படவில்லை" என்ற வரியையும் விடாமல் ஏற்றினீர்கள். வெற்றிடமாக விட்டிருந்தால், பனி இல்லையா, பார்க்கவில்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

1978 கடைசியிலிருந்து செயற்கைக்கோள் இருக்கிறதே என்பீர்கள். அதன் நுண்ணலைப் படத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 25 கிலோமீட்டர். கரையில் அந்தக் கட்டம் பாதி நிலம், பாதி கடல். திறந்த நீரையும் சில சமயம் பனி என்று சொல்லிவிடும்.

அங்கேதான் அலாஸ்காவின் வடகோடியில் உள்ள உட்கியாக்விக் ஊரின் இனுபியாக் பூர்வகுடி வேட்டைக்காரர்கள் வருகிறார்கள். இளவேனிலில் திமிங்கல வேட்டைக்கு அவர்கள் கூடாரம் போடுவதே கரையோடு ஒட்டிய பனியின் விளிம்பில். சுமார் 20 மீட்டர் ஆழத்தில் தரைதட்டி நிற்கும் பனிமேடுகள்தான் அந்தப் பனியை ஆணி அடித்ததுபோல் பிடித்து வைக்கின்றன. மேடு சரியாகத் தரைதட்டாவிட்டால், நீர்மட்டம் ஏறி, கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்றும் நீரோட்டமும் சேரும் நாளில் பனி ஆளோடு பிய்த்துக்கொண்டு போய்விடும். மேடு நிற்குமா என்று அவர்கள் பார்த்துச் சொல்வது எந்தப் படத்திலும் கிடைக்காது. இவர்களை நன்றியுரையில் ஒரு வரியோடு முடித்துவிடுவது ஆய்வுலக வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆசிரியர் பட்டியலில் இருக்க வேண்டியவர்கள்.

அதே கரையில் உள்ள ஷிஷ்மரெஃப், கிவலினா ஊர்களின் மக்களுக்குத் தனி நன்றி. அலையைத் தடுக்கும் பனி தாமதமாவதால் இலையுதிர்காலப் புயல் நேரே கரையை அரிக்கிறது. ஷிஷ்மரெஃப் ஊரார் இடம்பெயர்வதா என்று 2016-இல் வாக்கெடுப்பே நடத்தினார்கள். இத்தனைக்கு நடுவிலும் எங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள்.

தொகுப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். தேதி எங்காவது இடித்தால் தயங்காமல் எழுதுங்கள், திருத்திவிடுகிறோம்.

அன்புடன்,
தொகுப்புக் குழுவினர் சார்பில்