அப்பாவின் நோயை இனங்கண்டு காத்தவர்களுக்கு எங்கள் நன்றி

அப்பாவுக்கு வந்த அரிய வகைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை இனங்கண்டு சிகிச்சையளித்த யாழ். போதனா வைத்தியசாலையின் வைத்திய நிபுணர்கள், வைத்தியர்கள், தாதியர், கதிர்ப்படப் பிரிவினர், சிற்றூழியர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் பணிவான நன்றி.

சிறுநீரில் இரத்தம் போகிறது என்று மட்டுமே நாங்கள் சொல்லியிருந்தபோது, சளிபோல ஏதும் கலந்து வருகிறதா என்று கேட்டு, அப்பா தலையசைத்ததும் அதைத் தனியாகக் குறித்துக்கொண்ட விடுதி வைத்தியருக்கு முதல் நன்றி. அந்தக் குறிப்புடன்தான் அப்பா ஸ்கானுக்குச் சென்றார்.

கதிரியக்கவியல் வைத்திய நிபுணர் எங்களை இருத்தி விளக்கியதை மறக்க முடியாது. கருவிலிருக்கும்போது சிறுநீர்ப்பையின் உச்சியையும் தொப்புளையும் இணைக்கும் யூரக்கஸ் என்னும் குழாய், பொதுவாகப் பிறப்பதற்கு முன்பே மூடி வெறும் நாராகிவிடுகிறது; மிகச் சிலருக்கு அதன் எச்சத்தில் பல பத்தாண்டுகளுக்குப் பின் புற்றுநோய் தோன்றுகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் இது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. சீ.ரி. படத்தில் கட்டி உடலின் நடுக்கோட்டில், சிறுநீர்ப்பை உச்சியின் முன்புறமாக, பெரும்பகுதி சுவருக்கு வெளியே இருந்ததையும், அதன் விளிம்பில் உப்புத் தூவியதுபோலச் சுண்ணாம்புப் படிவு தெரிந்ததையும் அவர் காட்டினார். எம்.ஆர்.ஐ. படத்தில், பக்கவாட்டு வெட்டில், சளி நிறைந்த பகுதி வெண்மையாக ஒளிர்ந்தது. கட்டி தொப்புளை நோக்கி நீண்டிருந்தது எங்களுக்கே விளங்கியது. சிறுநீர்ப்பைக்குள் கமரா செலுத்திப் பார்த்தபோது உள்ளே துருத்திய சிறு பகுதிதான் தெரிந்தது என்பதால், படங்களின் பெறுமதி எங்களுக்கு இன்னும் கூடியது.

ஆயினும், படத்தை வைத்து மட்டும் முடிவு சொல்லக் கூடாது என்று வலியுறுத்தியவரும் அவரே. திசுவைச் சோதித்த நோயியல் நிபுணர் சளி சுரக்கும் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிக் கலங்களில் தோன்றும் புற்றுநோய், என்று உறுதிசெய்தார். பெருங்குடல் புற்றுநோயும் நுணுக்குக்காட்டியின் கீழ் இதே தோற்றத்தில் இருக்கக்கூடும் என்பதால் குடலையும் கமராவால் பார்த்தார்கள். அப்பா அன்று நன்றாக முணுமுணுத்தார். அவருக்காகவும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

கட்டி எங்கிருந்து கிளம்பியது என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததால்தான் சத்திரசிகிச்சையும் அதற்கேற்பத் திட்டமிடப்பட்டது. சிறுநீர்ப்பையின் மேற்பகுதி, அந்த யூரக்கஸ் நார், தொப்புள் மூன்றையும் ஒரே தொகுதியாக அகற்றி, சிறுநீர்ப்பையின் மிகுதியைக் காப்பாற்றித் தந்த சத்திரசிகிச்சை நிபுணருக்கும் மயக்க மருந்து வைத்தியர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். “தொப்புள் போனாலென்ன, வேட்டி நிக்குதுதானே” என்று அப்பா இப்போது பகிடி விடுகிறார்.

பெயர்கூடச் சொல்லாமல் குருதிக்கொடை செய்த இளைஞர்களுக்கும், இரவு பகல் பாராமல் ஓட்டோ ஓட்டி வந்த அயல்வீட்டுத் தம்பிக்கும், சோறும் சொதியும் கட்டி அனுப்பிய மாமிமாருக்கும் எங்கள் நன்றி. தொடர் ஸ்கான்களுக்கு அப்பாவைத் தவறாமல் அழைத்து வருவோம்.

நன்றியுடன்,
பிள்ளைகளும் மருமக்களும்
யாழ்ப்பாணம்